முப்பத்தொன்று புள்ளி ஒன்று

பிறை தொழிற்பேட்டையில்
மத்தியான வெயிலே முப்பத்திரண்டு பாகை.
கார்பன் டை ஆக்சைடுக்கு
முப்பத்தொன்று புள்ளி ஒன்று போதும்,
கூடவே எழுபத்து நாலு பார் அழுத்தம்.
திரவமா வாயுவா என்று
அதற்கப்புறம் அதைக் கேட்க முடியாது.
அழுத்தம் இங்கே எப்போதும் உண்டு என்பான் ஹஃபீஸ்.
சம்பளம் இருபத்தெட்டாம் தேதி.

கலத்தின் பக்கவாட்டில்
ஐம்பது காசு அகலத்துக்கு ஒரு பார்வைக் கண்ணாடி.
எந்திரத்தை எழுப்பும்போது அதில் ஒரு கோடு தெரியும்:
கீழே திரவம், மேலே வாயு.
சூடு ஏற ஏறக் கோடு மெலியும்,
உள்ளே ஒரு கணம் பழுப்பாய்க் கலங்கும்,
தெளியும்போது கோடு இருக்காது.
நாலு வருடமாய்ப் பார்க்கிறேன்.
எந்த நொடியில் போகிறதென்று
ஒருமுறையும் பிடித்ததில்லை.

பாலிக் பூலாவிலிருந்து சாக்கில் வரும் ஜாதிக்காய்.
இடித்த தூள் பதினெட்டுக் கிலோ,
நாற்பது பாகை, நூறு பார்.
சூட்டைக் கூட்டினால் எண்ணெய் கூடுமே
என்பார் மிஸ்டர் கோர்.
கூடாது.
நூறு பாரில் சூடு ஏறினால்
அது விரிந்து நொய்ந்து
எதையும் கரைக்காமல் வெளியே வரும்,
சந்தைக்குப் போய்
வெறும் பையோடு திரும்பியவன் மாதிரி.
மூன்று மொழியிலும் சொல்லிவிட்டேன் அவரிடம்.

செவ்வாய் இரவு.
திரையில் நாற்பது.
ஒரு மணி நேரம் நாற்பது,
புள்ளிக்குப் பின்னால் பூஜ்யம்கூட அசையவில்லை.
அதுதான் உறுத்தியது.
நிஜமான சூடு அப்படி நிற்காது.
நாற்பதைத் தாண்டும், இழுத்தால்
முப்பத்தொன்பதரைக்கு வந்து மறுபடி ஏறும்,
பிள்ளை குதித்து ஓடிய ஊஞ்சல் போல
ஆடி ஆடித்தான் அமரும்.

பிரிகலத்தில் சொட்டு நின்றிருந்தது.
கலத்தின் வாய்க்குழாயில்
யாரும் பார்க்காத முள்ளு வெப்பமானி ஒன்று உண்டு,
கண்ணாடி கீறிப்போனது.
டார்ச் அடித்தேன்.
ஐம்பத்தெட்டு.

சென்சாரைக் கழற்றிவிட்டு
அந்த இடத்தில் நாற்பது என்று
எண்ணை எழுதி வைத்திருந்தார்கள்.
ஹீட்டர் கைக் கட்டுப்பாட்டில் ஓடியது.
அணைத்தேன்.
அணைத்த பிறகும் அறுபதுக்குப் போனது.
நாலு விரல் தடிமன் எஃகு அது,
அடுப்பிலிருந்து இறக்கினாலும்
மண்சட்டியில் குழம்பு கொதிப்பது போல
தன்பாட்டுக்குக் கொஞ்ச நேரம் கொதிக்கும்.
காத்திருப்பதைத் தவிர வேலை இல்லை.

ஹஃபீஸ் வால்வுப் பக்கம் நின்றான்.
விரியும் வாயு குளிர்ந்து
குழாய் முழுக்க வெண்பனி பூத்திருந்தது,
இந்தப் புழுக்கத்தில்.
நகத்தால் அதைச் சுரண்டியபடி சொன்னான்:
"கக் தனேஸ், போன மாதம் முதல் நாள்
ரெண்டு பாகைதான் கூட்டச் சொன்னார்.
வெறும் ரெண்டு.
அப்புறம் இன்னொரு ரெண்டு."
திரையை எப்போது மாற்றினாய் என்று கேட்டேன்.
யோசித்தான். உண்மையிலேயே யோசித்தான்.
"ஞாபகம் இல்லை, கக்."

நாலரைக்கு நாற்பத்தொன்று.
நாலு ஐம்பதுக்கு முதல் சொட்டு,
மஞ்சளாய், ஜாதிக்காய் நெடியோடு.
சென்சார் பொருத்தியதும்
எண் ஆடத் தொடங்கியது:
நாற்பது புள்ளி மூன்று,
முப்பத்தொன்பது புள்ளி எட்டு.
அந்த ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டே
நின்றபடி தண்ணீர் குடித்தேன்.

பதிவேட்டில் எழுதினேன்:
நேரம், இரண்டு பத்து.
திரை, நாற்பது. உண்மை அளவு, ஐம்பத்தெட்டு.
அடுத்த கட்டம், காரணம்.
அங்கே பேனா நின்றது.
மை ஒரு புள்ளி ஊறிப் பெரிதானது.

ஆறு மணிக்குச் சாலையோர ஒட்டுக்கடையில்
பசியாறினோம்.
ஹஃபீஸுக்கு மூன்று பிள்ளைகள்,
கடைசிப் பிள்ளை நடக்கத் தொடங்கியிருக்கிறதாம்.
ரொட்டி சானாய்க்கும் தே தாரிக்குக்கும்
அவனே காசு கொடுத்தான்.
நான் தடுக்கவில்லை.
கோர் எட்டு மணிக்கு வருவார்.
பேனாவைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து
மூடியைத் திறந்து
மறுபடி மூடினேன்.