ஒன்பது கால்கள்

நாரையின் கால்களுக்குச் சிவப்புப் பூசியவள் நான்.
கால்களுக்கு மட்டும்.
அலகு பெர்னீஸுடையது.
தபால்பெட்டியின் பாசிப்பச்சை
ஜன்னலோர மேசைக்காரிகள் மூவருடையது,
பெட்டி பெரிது.

ஏழு நிமிடப் படம்.
கதை கேட்டால் ஒரே மூச்சில் சொல்லிவிடலாம்:
நாரை ஒரு கடிதம் போட வேண்டும்,
பெட்டி வாங்க மாட்டேன் என்கிறது.

முதலில் நயமாக,
தொப்பி கழற்றி, கழுத்தை மூன்றாய் மடித்து வணங்கி.
துப்புகிறது பெட்டி.
உறைக்கு வெண்ணெய் தடவி.
துப்புகிறது, தடவியவன் முகத்திலேயே.
பெட்டிக்குக் கொட்டாவி வரட்டும் என்று
இரவெல்லாம் எதிரே உட்கார்ந்து
தானே கொட்டாவி விட்டு, தானே தூங்கி,
கடிதம் தன் வாய்க்குள் போய்விட
விடியலில் விக்கல்.

வெடி வைக்கலாமே என்றான் கதைப் பிரிவின் ஓரின்.
ஊரே வெடி வைக்கிறது, நமக்கெதற்கு
என்றார் இயக்குநர் ஹாசன்கேம்ப்.
சிரித்து நாங்கள் பார்த்ததில்லை அவரை.
கழுத்தில் ஸ்டாப்வாட்ச்,
முகத்தில் பல்வலிக்காரனின் பொறுமை.

துப்புவதற்குமுன் பெட்டி சும்மா நிற்கும்.
பதினொரு படங்கள் சும்மா.
எட்டு போதும் என்றார்.
மூன்றும் நான் பூசியவை. வாய்விட்டுக் கேட்டேன்,
எதற்கு வீணாக்குகிறீர்கள்?
பதில் சொல்லாமல் இரண்டையும் ஓட்டிக் காட்டினார்.
பதினொன்றில் என்ன வரப்போகிறதென்று
எனக்குத் தெரிந்துவிட்டது.
எட்டில்
தெரிவதற்குள் வந்துவிட்டது.

இன்னொன்று:
நாரை திரும்பி ஓடும் இடத்தில் ஒரே ஒரு தாள்,
அதில் அதற்கு மூன்று தலை, ஒன்பது கால்.
ஒன்பதையும் பூசி முடிக்க ஒரு பகல்.
திரையில் அதன் ஆயுள்
நொடியின் இருபத்துநான்கில் ஒரு பங்கு.
படம் பிடித்தானதும் தாளைக் கழுவச் சொன்னார்கள்,
போர்க்காலம், தாளுக்குப் பஞ்சம்.
ஒன்பது கால்களும் சிவப்பு நீராய்த்
தொட்டியில் இறங்கின.
மறுநாள் அதே தாளில் ஒரு பன்றியின் மேல்கோட்டு.

ஆகஸ்டில் ஃபிரெஸ்னோ போயிருந்தேன், அக்கா வீட்டுக்கு.
வெளியே திராட்சை காயும் வெயில்,
தியேட்டருக்குள் பாக்கிங் கூடத்துப் பெண்கள்,
விரலெல்லாம் பிசுபிசுப்பு,
செருப்பைக் கழற்றிக் கால் நீட்டியபடி.
கடைசி வரிசையில் ஒரு தபால்காரர், மடியில் பை.
முதலில் போர்ச் செய்தி.
யாரும் இருமக்கூட இல்லை.
பிறகு என் நாரை.

அந்த ஒரு படத்துக்காகக் காத்திருந்தேன்
கண்ணில் நீர் கட்டும்வரை, இமைக்காமல்.
வெண்ணெய் போயிற்று, விக்கல் போயிற்று,
இதோ திரும்புகிறது...
இமைத்துவிட்டேன்.

ஆனால் கேட்டது.
கூரைத் தகரம் அதிர
விழுந்து விழுந்து சிரித்தார்கள்.
நிஜமாகவே ஒருத்தி விழுந்தாள்,
நாற்காலிக் கால் ஒடிந்து.
என் ஒன்பதையும்
அவர்கள் பார்த்திருக்க வேண்டும்
பார்த்தது தெரியாமலே.

கடைசியில் பெட்டி, போகட்டும் என்று
உறையைப் புரட்டி முகவரியைப் படிக்கிறது.
அதன் பெயர்தான்.
இத்தனை வருடத்தில் அதற்கு வந்த முதல் கடிதம்.
அரங்கு ஒரு கணம் திகைத்தது.
பின்னாலிருந்து தபால்காரர் மட்டும்
தனியாக, தாமதமாக,
பை மடியிலிருந்து நழுவ,
அடக்க முடியாமல்.

விளக்கு வந்தபோது நெவார்ட் அக்கா கேட்டாள்,
இதில் நீ எதைச் செய்தாய்?
கால்கள் என்றேன்.
ஐயோ, காலை நான் கவனிக்கவே இல்லையடி.

அதற்குப்பின் ஓடிய பெரிய படத்தில்
யாரோ யாரையோ பிரிந்தார்கள்.

காலையில் மூலைப் பெட்டியில் ஒரு கடிதம் போட்டேன்.
மூடி கிறீச்சிட்டுச் சாத்திக்கொண்டது.
போகத்தான் திரும்பினேன்.
பிறகு நின்று
எட்டுவரை எண்ணினேன்.