அறுபது சென்ட்

சேடபட்டிக்குத் தெற்கே கரிசல்.
அறுபது சென்ட்டை ஆறாய்ப் பிரித்தோம்.
இனிப்புச் சோளத்தில் மூன்று ரகம்,
ரகத்துக்கு இரண்டு வகை விதைப்பு.
பையிலிருந்த நம்பர் நாக்கில் நிற்கவில்லை.
வாய் கட்டிய கயிற்றின் நிறமே பெயரானது:
சிவப்பு, நீலம், வெள்ளை.

பாதி என் பக்கம்.
பாருக்குப் பார் ஒரு முழம்,
குழிக்குக் குழி சாணுக்குக் கொஞ்சம் குறைய,
குழிக்கு ரெண்டு விதை.
மறுபாதி கொழுந்தன் ஒச்சு பக்கம்.
மடித்துக் கட்டிய துண்டிலிருந்து
அள்ளி அள்ளி வீசிக்கொண்டே போனான்,
பந்தி ஞாபகத்தில்
பொண்ணு மாப்பிள்ளையைப் பார்க்காமலே
அட்சதை போடுகிறவன் மாதிரி.

"ஏழு ஆள் கூலி. இப்பவே நட்டம் மதினி."
எழுதிக்கொண்டேன்.
ஏழு முந்நூறு, ரெண்டாயிரத்து நூறு.
மகனின் பழைய கணக்கு நோட்டு:
ஒரு பக்கம் வட்டம்,
மறுபக்கம் வட்டி.

பதினைந்தாம் நாள் குருத்து ஈ.
நடுக்குருத்தை இழுத்தால்
அழுகல் வாடையோடு கையில் வந்தது.
அவன் பக்கம் நெருக்கம்;
செத்தது போக மிச்சம் நின்றது.
என் பக்கம் பல் விழுந்த வாய்.
சிரித்தான்.
அதையும் எழுதினேன், ரூபாய் போடாமல்.

களையெடுப்பில் நான் ஜெயித்தேன்.
என் பாருக்கு நடுவே களைக்கொத்து ஓடியது.
அவன் பக்கம் பதினோரு ஆள்
குத்தவைத்துப் பிடுங்கினார்கள்.
ஒருத்தி பயிரைப் பிடுங்கிவிட்டுப்
புல்லுக்கு மண் அணைத்தாள்.

தை பிறந்ததும் ஜெசிந்தா வந்தாள்,
விவசாய ஆபீஸ் ஸ்கூட்டரில்.
கையில் ஒரு சாண் கண்ணாடிக் குழல்.
தட்டையைத் திருகி ஒரு சொட்டு விட்டு
சூரியனைப் பார்த்துப் பிடித்தாள்.
வெள்ளை பதினாலு.
நீலம் பதினாறு.
சிவப்புக்கு மட்டும் ரெண்டு தடவை துடைத்துப் பார்த்தாள்.
பத்தொன்பது.
"இதுதான்க்கா. சந்தேகமே இல்ல."
ஆளுக்கொரு கணு கடித்தோம்.
ஒச்சு கண்ணை மூடிக்கொண்டான்.
நான் நோட்டை மூடிக்கொண்டேன்.

அன்று ராத்திரியே
இன்னொரு கூட்டமும் சோதிக்க வந்தது.
வெள்ளையைத் தொடவில்லை.
நீலத்தில் ஓரமாய் நாலு தட்டை.
சிவப்பில் மட்டும்
பார் என்றும் பாராமல், தெளிப்பு என்றும் பாராமல்
ரெண்டு துண்டும் தரைமட்டம்.
குளம்புத் தடத்தில் சாறு தேங்கி
எறும்பு மொய்த்தது.
பன்றிக்குக் குழல் தேவைப்படவில்லை.

ஜெசிந்தா படிவத்தில்
சிவப்புக்கு நேரே கோடு போட்டாள்.
'காரணம்' கட்டத்தில் இடம் பத்தவில்லை;
ஓரத்தில் பொடியெழுத்தில் எழுதினாள்.

நீலத்தை வெட்டிக் கட்டினோம்.
ஆலை லாரி வியாழன் என்றது, சனிக்கிழமை வந்தது.
வெட்டுவாயில் நுரை கட்டி
கள்ளுக்கடை வாசம் அடித்தது.
டன்னுக்கு நானூறு பிடித்துக்கொண்டார்கள்.

வெள்ளையைப் பன்றியும் கேட்கவில்லை, ஆலையும் கேட்கவில்லை.
திருமங்கலம் பஸ் ஸ்டாண்டில்
ஜூஸ் வண்டி வைத்திருக்கும் காஜா மைதீன்
ஒரு தட்டையைப் பிழிந்து குடித்துவிட்டு
வானத்தைப் பார்த்தார்.
"இஞ்சி தட்டிப் போட்டா ஓடும்."
கட்டு எழுபதென்று பேசி
தினம் எட்டுக் கட்டு, பச்சையாய், வெட்டின அன்றைக்கே.
கதிர் கோழிப்பண்ணைக்கு.
தோகை பால்மாட்டுக்காரருக்கு.
மாசி முடிய
ஆலைக் காசை விட அது மேலே நின்றது.

வெள்ளையில்
என் பாருக்கும் அவன் தெளிப்புக்கும்
கூலி, களை எல்லாம் கழித்து
வித்தியாசம் நூற்று நாற்பது ரூபாய்.
யார் பக்கம் என்பது நோட்டில் இருக்கிறது.
அவன் கேட்கவில்லை,
நான் சொல்லவுமில்லை.

அடுத்த புரட்டாசிக்கு வெள்ளையே என்று முடிவு.
நேற்றுப் பார்த்தால்
சிவப்புக் கயிற்றில் மிச்சமிருந்த ஒருபடி விதையை
பரணில் ஏற்றி வைத்திருக்கிறான் ஒச்சு.
நடுவில் ரெண்டு சென்ட் போதுமாம்.
விற்க இல்லை, கடிக்க.

பன்றிக்கு எத்தனை சென்ட் என்று கேட்டேன்.
விரலை மடக்கி எண்ணத் தொடங்கினான்.