கோப்பை சொல்லும்

பீல் நகரத்து நாலாம் நம்பர் பஸ்
பத்து நிமிடம் பிந்தியது.
அதற்குள் ஒரு சண்டை.

ஊரிலேயே நல்ல ஸ்டேக் எங்கே என்று
ஸ்பிண்டன் ஜெர்மனில் தொடங்கினார்,
மதாம் ஜன்ரே பிரெஞ்சில் மறித்தாள்.
ஏரிக்கரைக் கடையில் இறைச்சி வெண்ணெய் மாதிரியாம்.
வெண்ணெயா, செருப்புத்தோல்!
ஸ்டேஷனுக்குப் பின்னால் இருக்கிறதே, அங்கே
கத்தி தானாக இறங்குமாம்.
இரண்டும் மோசம் என்ற தபால்காரர்
மூன்றாவது பெயரைச் சொல்ல மறுத்துவிட்டார்.
சொன்னால் கூட்டம் வந்துவிடும்.

நான் இரண்டு கடையிலும் கோப்பை கழுவியவன்.
ஏரிக்கரையில் திரும்பிவரும் கோப்பைகளில்
கிழங்கு மிஞ்சாது, சாலட் மிஞ்சாது,
மென்று தோற்ற நார் மட்டும்
நாப்கினுக்குள் மடிந்து கிடக்கும்.
ஸ்டேஷன் கடைக் கோப்பைகளிலோ
பாண் துண்டால் வழித்த தடம்.
சோப்பே தேவையில்லை.

"நீங்கள் சொல்லுங்களேன்" என்றாள் மதாம்.
எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள்.
ஸ்டேஷன் கடைக்காரன்
இரண்டு மாதச் சம்பளம் பாக்கி எனக்கு.

"இன்றைக்கு வெள்ளிக்கிழமை" என்றேன்.
"மச்சத்தைப் பற்றி வாயே திறப்பதில்லை."

பஸ்ஸில் தபால்காரர் நெருங்கி வந்து
அந்த மூன்றாவது பெயரை
என் காதில் மட்டும் சொன்னார்.
அங்கே நான் இன்னும் கழுவியதில்லை.