பொருள் விளங்கவில்லை

இரவு பதினொன்றுக்கு ஜீப் வந்தது.
கதவைத் தட்டிய சிப்பாய்க்கு
மீசை இன்னும் முளைத்து முடியவில்லை.
'வாத்தியாரே, கேப்டன் அழைக்கிறார்.
கண்ணாடியை எடுத்துக்கொள்ளுங்கள்.'

மரிவானில் அன்று முழங்கால்வரை பனி.
மேலே கணவாயில் மூன்று நாள் சண்டை
அந்தியோடு ஓய்ந்திருந்தது.
ஓய்ந்துவிட்டது என்பதை
நாய்கள் மறுபடி குரைப்பதை வைத்துத்தான்
நாங்கள் தெரிந்துகொள்வோம்.
வானொலியில் அவர்கள் வாசித்த பெயர்களை
அரசாங்கத்தின் இரைச்சல் தின்றுவிட்டது.

முகாமில் மண்ணெண்ணெய் அடுப்பு.
கேப்டன் கர்பாசிக்குச் சளி.
கற்கண்டைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு
ஒரு பிளாஸ்டிக் பையை என் பக்கம் தள்ளினார்.
உள்ளே நாற்பது பக்கப் பள்ளிக்கூட நோட்டு,
என் பிள்ளைகள் வாங்கும் அதே மட்ட ரகம்.
கால்வாசி நனைந்திருந்தது.
எதனால் என்று நான் கேட்கவில்லை.
எழுதியது ஆணா பெண்ணா என்று அவரும் சொல்லவில்லை;
எங்கள் மொழியிலும் அவர் மொழியிலும்
இருவருக்கும் ஒரே சொல்தான்.

'வரிக்கு வரி பாரசீகத்தில் சொல்லுங்கள்.'

சொன்னேன்.
காலுறை இரண்டு ஜோடி, ஒன்றில் ஓட்டை.
பேட்டரி நான்கு.
லுக்மானுக்குத் தரவேண்டிய சிகரெட் பதினொன்று.
'யார் இந்த லுக்மான்?'
'கடன் கொடுத்தவர், ஐயா.'
பல்வலி.
பல்வலி.
பல்வலி, கிராம்பு கிடைத்தது.
'கிராம்பு என்றால் வெடிமருந்தா?'
'கிராம்பு என்றால் கிராம்பு.'
அவர் சிரித்தார், இருமினார்.
நானும் சிரித்துத் தொலைத்தேன்.

பதினேழாம் பக்கம்.
விடியலில் காவல் நின்றதைப் பற்றி ஒரு வரி,
ஓக் மரங்களைப் பற்றி ஒரு வரி,
அதன் நடுவில் அந்தச் சொல்.

கிளை தாங்காத பனி
பொதுக்கென்று மொத்தமாய்ச் சரிந்து விழும்போது
பாரம் இறங்கிய கிளை
ஒரு துள்ளு துள்ளி நிமிருமே,
அந்த நிமிர்வுக்கு உள்ள சொல்.
குர்துகள் எல்லாருக்கும் தெரியாது.
ஒரே பள்ளத்தாக்கில்,
ஆற்றுக்கு இந்தக் கரையில்,
ஒரே ஊரில் அப்படிச் சொல்வார்கள்.
இங்கேயும் அதை நான் எழுதப்போவதில்லை.

முப்பத்தொரு வீடு. இரண்டு வருடம் அங்கே பாடம் நடத்தினேன்.
எந்தக் கூரையில் எந்தப் பிள்ளை ஏறிப் பனி தள்ளும்
என்பதுவரை தெரியும்.
அதனால் கையெழுத்தைப் பார்க்காமல்
சொல்லை மட்டும் பார்த்தேன்.

'ஏன் நின்றுவிட்டீர்கள்?'

இருபத்தாறு வருடம்
சிவப்பு மையில் பிழை திருத்திய விரலை
அதன்மேல் வைத்தேன்.
'எழுத்துப்பிழை' என்றேன்.
அவர் குறித்துக்கொண்டார்:
பொருள் விளங்கவில்லை.

உடலைக் கேட்டு யாரும் வரவில்லை.
எப்படி வருவார்கள்?
ஊர் தெரிந்திருந்தால் கதவுகளை உடைத்திருப்பார்கள்.
உடைத்த கையோடு செய்தியையும் சொல்லியிருப்பார்கள்.
நான் கதவுகளைக் காப்பாற்றினேன்.
செய்தி என்னிடமே தங்கிவிட்டது.
நகராட்சி வடக்கு மூலையில்
ஒரு தகரத்தில் எண் எழுதி நட்டது.
அந்தப் பக்கம் போகாமலிருக்க
பள்ளிக்கு ஏரிக்கரை வழியே சுற்றிப் போகிறேன்.

பனி உருகியபின், சந்தையில்
ரேவாஸ் விற்க வந்திருந்தாள் ஒருத்தி.
கட்டை அவிழ்த்தாள்.
அழுந்திக் கிடந்த புளிப்புத் தண்டுகள் துள்ளி நிமிர்ந்தன.
அவற்றைப் பார்த்து, சும்மா, தன்பாட்டுக்கு
அந்தச் சொல்லைச் சொன்னாள்.

இரண்டு கிலோ போடச் சொன்னேன்.
எங்கள் வீட்டில் யாரும் அதைத் தின்பதில்லை.

'பிள்ளைகள் எத்தனை?'
'மூன்று.'
தராசு நிற்கும்வரை பார்த்திருந்துவிட்டு,
'இரண்டு இங்கே' என்றாள்.

மிச்சக் காசை என் உள்ளங்கையில் வைத்து
எண்ணிப் பார்த்துக்கொள்ளச் சொன்னாள்.
எண்ணாமலே
சரியாக இருக்கிறது என்றேன்.