நெருப்பு இருக்கா

எடைமேடைக்குப் பின்னால் நாலு டயர் கிடக்கிறது.
ஆரம்பாக்கத்துச் சுருட்டுக்காரர்களுக்கு
அதுதான் சபை.
ராத்திரி பதினொன்றுக்கு மேல்
தடா பக்கம் போகிற லாரியெல்லாம் வரிசையில் உறும
நாங்கள் குந்துவோம்.

முதலில் செங்கல்ராயன்.
காசு கொடுத்து அவன் தீப்பெட்டி வாங்கினதை
கட்டினவளும் பார்த்ததில்லை.
"நெருப்பு இருக்கா" என்பான்.
நீட்டினால் பற்றவைப்பான்,
பேச்சோடு பேச்சாய்ப் பெட்டி
அவன் பைக்குள் போய்விடும்.
கேட்டால் பல்லைக் காட்டுவான்.
இந்த வருஷம் மட்டும் பதினேழு.
எழுதி வைத்திருக்கிறேன்,
எடைச்சீட்டுப் புத்தகத்தின் கடைசித் தாளில்.

முனிரத்தினம் வேறு ரகம்.
அவனுக்குப் பெட்டி வேண்டாம்,
என் சுருட்டின் கங்கு வேண்டும்.
முகத்துக்கு முகம் வந்து
நுனியோடு நுனி முட்டி
உறிஞ்சுவான் உறிஞ்சுவான்,
கன்றுக்குட்டி தோற்கும்.
அவனுடையது பற்றும்போது
என்னுடையது செத்திருக்கும்.
அவன் தின்ற பூண்டு ஊறுகாய்
விடியும்வரை என் மூக்கில்.

நாயுடுப்பேட்டை டிரைவர் கோதண்டம்
முனையைக் கடித்துத் துப்புவார்,
எங்கே விழுகிறதென்று பார்க்க மாட்டார்.
ஒருநாள் என் டீயில் விழுந்தது.
"ஏம் காதுலே அண்ணா" என்றார்.
ஆமாம், அவருக்கு ஒன்றும் ஆகவில்லை.

டீ கிளாசுக்குள் கட்டையை அமுக்குகிறவன்,
ஓசிச் சுருட்டை இழுத்துவிட்டு
"காரம் பத்தல" என்கிறவன்,
காற்று வருகிற பக்கமாய்ப் பார்த்து உட்கார்ந்து
புகையை நம் கண்ணுக்கு அனுப்பிவிட்டு
மச்சினன் வழக்கைச் சொல்கிறவன்
என்று வந்துபோகிறவர்கள் தனி.
ஒழுக்கத்துக்குக் கை கால் முளைத்தால்
அது நான்தான் என்று எனக்கு நினைப்பு.
சாம்பலைத் தகரத்தில் தட்டுவேன்.
முகத்தைத் திருப்பிக்கொண்டு துப்புவேன்.
யாரிடமும் ஒரு குச்சி கேட்டதில்லை.

தை பிறந்து
செங்கல் சூளைக்கு ஸ்ரீகாகுளத்து ஆட்கள் வந்தார்கள்.
அவர்கள் லாரி அச்சு சூடேறி நின்ற ராத்திரி
இறங்கினவள் அப்பலம்மா.
டயர் காலியில்லை.
ஒரு கல்லை உருட்டிக்கொண்டு வந்து
கேட்காமலே எங்களோடு உட்கார்ந்தாள்.
தன் குச்சியில் தன் சுருட்டைப் பற்றவைத்தாள்,
இரண்டு இழுப்பு இழுத்தாள்,
அப்புறம் திருப்பினாள்.
எரிகிற முனையை உள்ளே வைத்து
உதட்டை மூடிக்கொண்டாள்.

கோதண்டம் துப்ப எடுத்ததை
விழுங்கிவிட்டார்.

செங்கல்ராயனுக்குப் பழக்கதோஷம்.
"நெருப்பு இருக்கா" என்று கேட்டேவிட்டான்.
அவள் வாயை லேசாய்த் திறந்து காட்டினாள்.
உள்ளே அடுப்பு போலச் சிவப்பு.
எடுத்துக்கோ என்கிற மாதிரி புருவம்.
அவன் தன் பையைத் தடவினான்.
வந்தது என் பெட்டி.
முனிரத்தினம் டயரோடு
நாலடி நகர்ந்து உட்கார்ந்தான்.

எனக்கு வயிறு குளிர்ந்துபோச்சு.
இதல்லவா மரியாதை.
பக்கத்தில் போய்க் குந்தி
இவன்கள் லட்சணத்தையெல்லாம் சொன்னேன்,
அரைத் தெலுங்கில்,
பூண்டு ஊறுகாய், டீ கிளாசு,
பதினேழு பெட்டிக் கணக்கு உட்பட.
லாரியில் யாரோ குழந்தை அழுது ஓய்ந்தது.
நான் ஓயவில்லை.

முழுக்கக் கேட்டாள்.
சுருட்டை வெளியே எடுத்தாள்.
நாக்கு நுனியில் ஒட்டின சாம்பலை
விரலால் துடைத்துக்கொண்டாள்.
"நெருப்பு உள்ளே இருந்தால்
வாய் மூடியிருக்கும் பாபு.
நீ வெளியே வைத்துக் குடிக்கிறாய்,
அதான்" என்றாள்.
திரும்ப வைத்துக்கொண்டாள்.

சிரித்தது மூன்று பேர்.
கோதண்டத்துக்குப் புரையேறியது.

லாரி கிளம்பினபோது
அவளையும் சேர்த்து எடை போட்டேன்.
விடிகாலை, யாரும் இல்லாத நேரம்,
கதவைச் சாத்திக்கொண்டு
நானும் திருப்பி வைத்துப் பார்த்தேன்.

நாக்கு பொத்துப்போனது.
மூன்று நாள் மோர்ச்சோறு.
மூன்று ராத்திரியும் செங்கல்ராயன் வந்தான்,
கேட்டான், பற்றவைத்தான், பையில் போட்டான்.
ஒரு வார்த்தை சொல்ல முடியவில்லை என்னால்.
"அண்ணன் இப்பதான் மனுசனாயிருக்காரு"
என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

கைக்கு ஒன்றும் ஆகவில்லை.
கடைசித் தாளில் எழுதினேன்:
இருபது.