உச்சுக்கொட்டும் எழுத்து

லூசிகிசிகியில் ஞாயிறு என்றால்
எனக்கு இரண்டு வேலை:
துணிகளை அலசிக் கொடியில் போடுவது,
எல்.ஐ.சி. அத்தானின் அழைப்பை எடுப்பது.

பதினான்கு வருஷமாக அவர்
என் வாழ்க்கையின் முதிர்வுத் தொகையைப்
போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.
கணக்கு டீச்சர் நான்; கூட்டல் அவருடையது.
"உன்னோடு பி.எட். படித்த தங்கபுஷ்பம்
இப்போது அருப்புக்கோட்டையில் தலைமையாசிரியை.
மாடி வீடு, வாசலில் கார்.
நீயும் இருந்திருந்தால்..."
அந்த இருந்திருந்தாலுக்குப் பிறகு
எப்போதும் ஒரு மடக்குத் தண்ணீர் குடிப்பார்.

தப்பொன்றும் சொல்லவில்லை.
நான் கிளம்பிய நாலாம் வருஷம்
அரசு வேலைக்குக் கூப்பிட்டுக் கடிதம் வந்தது.
தபால்காரர் சிவப்பு மையில் எழுதித் திருப்பினார்:
விலாசதாரர் வெளிநாட்டில்.
என்னைப் பற்றி எழுதப்பட்டதில்
ஆகச் சுருக்கமான வரலாறு அதுதான்.

இங்கேயும் நான் முழுக்க வந்து சேர்ந்தவளில்லை.
பர்மிட் முடியும்போதெல்லாம் உம்டாட்டாவுக்கு டாக்சி,
விடியுமுன் வரிசை.
கண்ணாடிக்கு அந்தப்பக்கம் இருப்பவர்
கோப்பைத் திறக்காமலே கேட்பார்:
இந்த வேலையை இந்த ஊர்க்காரர் யாரும்
செய்ய முடியாதா?
முடியும். முடிய வேண்டும் என்றுதான்
சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறேன் –
என்று சொல்ல நினைத்து
மூன்று பாஸ்போர்ட் போட்டோவை நீட்டுவேன்.

முதல் நாள் வருகைப் பதிவேட்டில்
ஆங்கில சி-யில் தொடங்கிய ஒரு பெயரை
செபிஸா என்று வாசித்தேன்.
ஐம்பத்துநாலு பேரும் மேசையைத் தட்டிச் சிரித்தார்கள்.
அவள் எழுந்து நின்று
பல்லுக்குப் பின்னால் நாக்கை ஒட்டி எடுத்துக் காட்டினாள்.
அடுத்த வீட்டில் பால் பொங்கி வழிந்தால்,
யார் பெண்ணுக்கோ வரன் தட்டிப்போனால்
உச்சுக்கொட்டுவோமே, அந்தச் சத்தம்.
இங்கே அது ஓர் எழுத்து.
இரக்கமில்லை, வருத்தமில்லை.
பெயர் அங்கே தொடங்குகிறது, அவ்வளவுதான்.

தகரக் கூரையில் மழை இறங்கினால்
குரல் எடுபடாது.
நான் பலகையில் ஒரு வரி எழுதுவேன்,
அவள் வந்து அடுத்த வரி எழுதுவாள்,
சமன்குறியை மட்டும் திருத்துவேன்.
ஒரு வார்த்தை பேசாமல்
பாதி முக்கோணவியல் முடிந்தது அப்படித்தான்.
மெட்ரிக்கில் நூற்றுக்கு எண்பத்தேழு.

பிறகு?
பிறகு நடந்ததை அத்தானிடம் சொன்னதில்லை.
பல்கலைக்கழகம் இடம் தந்தது.
பதிவுக் கட்டணத்துக்கு மாடு விற்க வேண்டும்;
விற்க மாடில்லை.
என் சேமிப்பு அந்த வருஷம்
தம்பி கல்யாணத்துக்குப் போயிருந்தது.

இப்போது சூப்பர் மார்க்கெட்டில்
மூன்றாவது கல்லாவில் இருக்கிறாள்.
மெஷின் காட்டுமுன்
மீதிச் சில்லறை அவள் விரலில் வந்துவிடும்.
போன வாரம் அரிசியும் தக்காளியும்
பெல்ட்டில் வைத்தபோது கேட்டாள்:
"மேம், எப்போது ஊருக்குத் திரும்புகிறீர்கள்?"
வீணாய்ப் போனது யாருடைய எதிர்காலம்,
அதில் எத்தனை சதவீதம் என்னால் என்று
பின்னால் நின்றவர் இருமும்வரை
அங்கேயே நின்றேன்.

இன்றைக்கு அத்தான் புதுக் கணக்கோடு வந்தார்.
நாற்பத்துமூன்று வயது. திரும்பினால்
தனியார் பள்ளி, பன்னிரண்டாயிரம் சம்பளம்,
காலையில் வேன் டியூட்டி.
திரும்பாவிட்டால்?
அதற்குமேல் அவரால் கூட்ட முடியவில்லை.
கடலுக்கு அந்தப்பக்கமிருந்து,
மனசாரத்தான்,
ஒரு முறை உச்சுக்கொட்டினார்.

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.
பெயரின் மீதி வருமென்று,
யாராவது எழுந்து "உள்ளேன்" சொல்வார்களென்று
பேனாவைத் தேடினேன்.

"என்னம்மா, லைன் கட்டாயிடுச்சா?" என்கிறார்.
வெளியே கொடியில் துணிகளைக் காற்று
ஒரே பக்கமாக அடித்துக்கொண்டிருக்கிறது.