சொந்தத்தில் முடித்ததா

கேள்வித்தாளில் ஏழாவது கேள்வி அது.
பேனாவைத் திருப்பித் திருப்பி
பூலுடையார் என்னைப் பார்த்தான்.
வாங்கி நானே எழுதினேன்:
அத்தை மகன்.
கல்யாணப் பந்தலில்
விட்டுப்போகாத உறவு என்று ஊர் வாழ்த்தியது
பாளையங்கோட்டை ஸ்கேன் சென்டரில்
அச்சடித்த எழுத்தில் ஒரு சந்தேகம்.

"முப்பிடாதி, இருபத்திரண்டு வாரம்."
ஆணா பெண்ணா சொல்லமாட்டோம் என்ற போர்டுக்குக் கீழே
செருப்பைக் கழற்றினேன்.
அதை யார் கேட்டது.

வயிற்றில் சில்லென்று கூழ்.
திரையில் முதலில் வெறும் மழை,
பிறகு முதுகெலும்பு,
நெருக்கிக் கோத்த பிச்சி மொட்டு மாதிரி.
"பிள்ளை குப்புறக் கிடக்கு.
நடந்துட்டு, இனிப்பா ஏதாவது குடிச்சிட்டு வாங்க."

வெளியே ஆனி மாதக் காற்று,
மேற்கே எங்கோ சாரல் விழுந்த வாடை.
பன்னீர் சோடாவில் பாதி நான் குடித்தேன்,
மீதியை அவன் தொடவில்லை.
மோட்டார் ரிப்பேர்காரன்.
"ஃபுட் வால்வு மாதிரிதான் பிள்ள,
ஏத்துன தண்ணிய எறங்க விடாது, அம்புட்டுதான்"
என்று தொடங்கி
என் முகம் பார்த்து நிறுத்திக்கொண்டான்.
மதிலை ஒட்டி நாலு சுற்று நடந்தோம்.
அறைக்கு ஒன்று என்று நான் வைத்திருந்த கணக்கு
அவனுக்குத் தெரியாது.

இரண்டாம் தடவை திரும்பியிருந்தது.
கொட்டைப்பாக்கு அளவு இதயம்,
அதற்குள் கதவுகள் என்ன அவசரமாய்
திறந்து மூடுகின்றன.
டாக்டர் எதையோ அழுத்த
சிவப்பு ஓடியது, நீலம் ஓடியது.
சிவப்பு நம்மைப் பார்த்து வருகிற ரத்தம்,
நீலம் விலகிப் போவது என்றார்.
நான் சிவப்பை மட்டும் பார்த்தேன்.

பிறகு அவர் பேசவில்லை.
ஒரே இடத்தை
உறையவைத்து அளந்தார்,
அழித்தார், மறுபடி அளந்தார்.
ஏசி சொட்டும் சத்தம்.
கீழறை இரண்டுக்கும் நடுச்சுவரில்
கடுகளவு சிவப்பு
தப்பான பக்கம் எட்டிப் பார்த்தது.

"சின்ன ஓட்டைதான். தானா மூடிக்கிடலாம்.
மூடாமலும் இருக்கலாம்.
முப்பதாம் வாரம் வாங்க."

ஆற்றுப்பாலத்தில் பஸ் நெரிசலில் நின்றது.
கீழே தண்ணீர் பாறையைச் சுற்றிக்கொண்டு போனது.
"எங்கம்மையும் உங்கப்பனும்
கூடப்பொறக்காம இருந்திருந்தா..."
"அப்பம் நீ யாரு அத்தான் எனக்கு?"

அவன் பதில் சொல்லவில்லை.
கிரீஸ் போகாத நகங்களோடு
ரிப்போர்ட் கவரை இரண்டு கையாலும்
காற்றுக்கு விடாமல் அழுத்திப் பிடித்திருந்தான்.

பேட்டை தாண்டும்போது உள்ளே ஓர் உதை.
நான் அவனிடம் சொல்லவில்லை.
சேரன்மாதேவி வரட்டும்.